எட்டி நின்று கற்றவரின் படங்கள்

1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். மன்னர் ஆயில்யம் திருநாளின் உருவப்படத்தைத் தைலவண்ணத்தில் வரைந்துதர வந்தவர் அவர். அப்போது அதே அரண்மனையின் நிழலில் தங்கி ஓவியம் பழகிக்கொண்டிருந்தார் கிளிமானூர்க்காரரான ரவிவர்மா. வயது இருபது. தண்ணீரில் கரையும் வண்ணங்கள் அவருக்குக் கைவந்திருந்தன. தைலவண்ணம் மட்டும் பிடிபடவில்லை. ஜென்சனிடம் பாடம் கேட்க ஆசைப்பட்டார். ஜென்சனுக்கு மனமில்லை. மன்னரின் விருப்பம் என்பதால், தான் வேலை செய்யும்போது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற அளவுக்கு இறங்கிவந்தார். கற்றுத்தருவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதற்கு முன்பே ஒரு கதவு சாத்தப்பட்டிருந்தது. அரண்மனை ஓவியராக இருந்த ராமசாமி நாயக்கர் மதுரையிலிருந்து போனவர். அந்த வட்டாரத்தில் தைலவண்ணம் தெரிந்தவர் என்று பெயர் பெற்றவர். பதினான்கு வயதில் கிளிமானூரிலிருந்து வந்த பையனுக்கு அவர் எதையும் சொல்லித்தரவில்லை. நாயக்கரின் மாணவர் ஆறுமுகம் பிள்ளை, குருவுக்குத் தெரியாமல் இரவு நேரத்தில் வந்து சிலவற்றைக் காட்டிக்கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். நாயக்கரைப் பொறாமைக்காரர் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்குத் தொழில் ரகசியம்தான் ஒரு கைவினைஞரின் சொத்து, பென்ஷன், காப்பீடு எல்லாம். அதைக் கொடுத்துவிட்டால் அரண்மனைச் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி. ஆனால் ஆறுமுகம் பிள்ளையின் பெயரைத் தமிழர்கள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. இந்திய ஓவிய வரலாற்றில் அவருக்கு இருப்பது அந்த ஒரு வரி மட்டும்தான்.

தைலவண்ணத்தில் அப்படி என்ன ரகசியம்? ரவிவர்மாவின் மாமா ராஜராஜவர்மா தஞ்சாவூர் பாணியில் வரைபவர். சுவரில் கரியால் மிருகங்களையும் மனிதர்களையும் கிறுக்கிக்கொண்டிருந்த பையனைத் திட்டாமல், அருகில் உட்காரவைத்துக்கொண்டவர் அவர்தான். அவர் காட்டிய பாணியில் கோடு முதலில், வண்ணம் பிறகு. வைத்த வண்ணம் உடனே உலர்ந்துவிடும். தைலவண்ணம் உலர நாள் கணக்காகும். அந்த ஈரத்துக்குள் ஒரு நிறத்தை இன்னொன்றோடு இழைத்துக்கொண்டே போகலாம்; கோடே போடாமல் ஒரு கன்னத்தை வெளிச்சத்திலிருந்து நிழலுக்குத் திருப்பலாம். எந்தப் பூச்சு அடியில், எது மேலே, எது காயும்வரை காத்திருக்க வேண்டும், எதை ஈரமாக இருக்கும்போதே தொட வேண்டும் என்ற வரிசைதான் வித்தை. முடிந்த படத்தை எத்தனை மணி நேரம் உற்றுப் பார்த்தாலும் அந்த வரிசை தெரியாது. மேல்பூச்சு அடிப்பூச்சை மறைத்துவிடும். வேலை நடக்கும்போது பார்த்தால்தான் உண்டு. ஜென்சன் தான் கொடுத்தது அற்பம் என்று நினைத்திருக்கலாம். கண்ணால் வாங்கத் தெரிந்த ஒருவருக்கு அது முழுப் பாடம்.

ரவிவர்மா 1848 ஏப்ரல் 29 அன்று பிறந்தார். பள்ளி என்று ஒன்றில் ஓவியம் படிக்காத அந்த மனிதர், 1870இல் கோழிக்கோட்டில் நீதிபதியாக இருந்த கிருஷ்ண மேனன் குடும்பத்தை வரைந்து முதன்முதலாகக் கூலி வாங்கினார். மூன்று வருடத்தில் சென்னை. 1873இல் இங்கே நடந்த கண்காட்சியில் கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் படத்துக்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு வியன்னா கண்காட்சியிலும் பரிசு. அடுத்த வருடம் மறுபடியும் சென்னை, மறுபடியும் தங்கம். இந்த முறை படத்தில் இருந்தவர் ஸ்வரபத் என்ற தந்தி வாத்தியத்தை வாசிக்கும் ஒரு தமிழ்ப் பெண். இந்தியாவுக்கு வந்த வேல்ஸ் இளவரசருக்குத் திருவிதாங்கூர் மன்னர் அளித்த பரிசுகளில் அந்தப் படமும் ஒன்று. பிறகு, தாமரை இலையில் காதல் கடிதம் எழுதும் சகுந்தலை. அதைச் சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு விலைக்கு வாங்கினார். சமஸ்கிருத அறிஞர் மோனியர் வில்லியம்ஸ் தமது சாகுந்தல மொழிபெயர்ப்பின் முகப்பில் சேர்த்துக்கொண்டதும் அதையே.

ஆக, ரவிவர்மாவை ரவிவர்மா ஆக்கிய மேடை சென்னைதான். இதை நாம் அதிகம் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

அரசகுலத்தோடு சம்பந்தம் செய்துகொண்ட ஒருவர் கூலிக்குப் படம் வரைவது அன்று சாதாரண விஷயமல்ல. விருப்பத்துக்கு வரையலாம், கோவிலுக்கு வரையலாம். ரசீது கொடுத்து, விலை பேசி, ரயிலேறி ஊர் ஊராகப் போய் வரைவது என்றால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். ரவிவர்மா அதைச் செய்தார். கூடவே போனவர் தம்பி சி. ராஜராஜவர்மா. நிலக்காட்சி வரைவதில் தேர்ந்தவர்; அண்ணனின் படங்களில் பின்னணியில் தெரியும் மலைகளிலும் மரங்களிலும் தம்பியின் கை நிறைய உண்டு. கடிதப் போக்குவரத்தும் கணக்கு வழக்கும் அவர் பொறுப்பு. அவர் எழுதிவைத்த நாட்குறிப்பு இப்போது நூலாகக் கிடைக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு ஓவியர் குடும்பம் எப்படிப் பயணம் செய்தது, யாரைப் போய்ப் பார்த்தது, எங்கே காத்திருந்தது என்பதை நாள்வாரியாகச் சொல்லும் பொக்கிஷம் அது.

தங்கை மங்களாபாயும் வரைவார். அண்ணனை அவர் தீட்டிய உருவப்படம் இருக்கிறது; நேர்த்தியான வேலை. ஆனால் அண்ணன்மார் ரயிலேறிப் போன ஊர்களுக்கு அவர் போகவில்லை, கண்காட்சிகளில் பெயர் வாங்கவில்லை. ஆணாகப் பிறந்திருந்தால் அந்தக் கை எங்கெல்லாம் போயிருக்கும் என்று எண்ணாமல் அந்தப் படத்தைப் பார்க்க முடிவதில்லை.

ஆயில்யம் திருநாளுக்குப் பிறகு பட்டத்துக்கு வந்த விசாகம் திருநாளுக்கும் ரவிவர்மாவுக்கும் ஒத்துப்போகவில்லை. கைகொடுத்தவர் நம் கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவராவ். திருவிதாங்கூரில் திவானாக இருந்தபோதே ரவிவர்மாவை அறிந்தவர். பிறகு பரோடாவின் திவான் ஆனார். 1881இல் மூன்றாம் சயாஜிராவ் முழு அதிகாரத்தோடு ஆட்சியேற்ற சமயத்தில் ரவிவர்மா பரோடாவுக்கு வரைய வந்ததற்கு அந்தப் பழக்கம் வழிசெய்தது. அங்கிருந்துதான் 14 புராணப் படங்களுக்கான பெரிய வேலை வந்தது. வரையத் தொடங்கும் முன் அவரும் தம்பியும் வட இந்தியா முழுக்கச் சுற்றினார்கள். நளனும் தமயந்தியும், சாந்தனுவும் கங்கையும் என்ன உடுத்தியிருப்பார்கள்? ஒரு மாகாணத்தின் உடையை உடுத்தினால் இன்னொரு மாகாணத்துக்காரர் அந்நியமாக நினைப்பார். பல ஊர்ப் பெண்களின் உடுப்பைப் பார்த்துவிட்டு, அவர் புடவையைத் தேர்ந்தார். இன்று நம் மனதில் லட்சுமி என்றதும் புடவை கட்டிய ஒரு பெண் வந்து நிற்கிறாள் என்றால், அந்தத் தேர்வுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. கோவில் கருவறைச் சிலையை நினைத்துக்கொண்டு கண்ணை மூடினாலும் பலருக்கு அந்தப் பெண்ணின் முகம்தான் முதலில் வருகிறது.

பரோடாப் படங்கள் அனுப்பப்படும் முன் திருவனந்தபுரத்தில் மக்கள் பார்க்க வைக்கப்பட்டன. பிறகு பம்பாயில் வைத்தபோது கூட்டம் அலைமோதியது. இந்தக் கூட்டத்துக்குப் படம் வேண்டும். அரண்மனைப் படம் இவர்கள் வீட்டுக்கு வராது. மாதவராவ் இதை முன்பே யோசித்திருந்தார். எல்லோரும் கேட்கிறார்கள், உங்கள் இரண்டு கைகளால் அத்தனை பேருக்கும் வரைந்து மாளாது, சில படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி, தைலவண்ணப் படம்போலவே தெரியும் ஓலியோகிராஃபாக அச்சிடுங்கள் என்ற பொருளில் 1884இலேயே ரவிவர்மாவுக்கு எழுதினார். ரவிவர்மா அதைவிட ஒரு படி மேலே போனார். 1894இல் பம்பாயில் சொந்தமாக அச்சகம் தொடங்கினார். இயந்திரமும் தொழில்நுட்ப ஆட்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். சிகாகோ உலகக் கண்காட்சிக்கு 10 படங்கள் அனுப்பிப் பதக்கம் வாங்கியதற்கு மறுவருடம் இது. புகழின் உச்சியில் இருக்கும் ஒருவர் அதை வைத்துப் படத்தின் விலையை ஏற்றுவார். இவர் தன் படத்தை மலிவாக்க முதலீடு செய்தார். அவர் வாழ்க்கையில் நான் மிகவும் மதிப்பது இந்தக் காரியத்தை.

அந்த அச்சு எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வழுவழுப்பாகத் தேய்த்த கனத்த சுண்ணாம்புக்கல் பலகையில் கொழுப்புச் சேர்ந்த மையால், இடவலம் மாற்றி, படத்தை எழுதுவார்கள். கல்லை ஈரமாக்கி மை உருளையை ஓட்டினால், எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதால், வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். முகத்தின் மஞ்சளுக்கு ஒன்று, உதட்டின் சிவப்புக்கு ஒன்று, வானத்தின் நீலத்துக்கு ஒன்று. அதே காகிதம் ஒவ்வொரு கல்லின் மீதும் வரிசையாகப் போய்வர வேண்டும். ஒரு கல்லில் காகிதம் நூலிழை நகர்ந்தாலும் உதட்டுச் சிவப்பு மோவாயில் விழும். எல்லாம் முடிந்தபின் மேலே வார்னிஷ் பூசினால் தைலவண்ணத்தின் மினுமினுப்பு வந்துவிடும். எந்தப் பூச்சு முதலில், எது பிறகு என்பதை ஜென்சன் பக்கத்தில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டவரின் படத்தை, இங்கே கல் கல்லாகப் பிரித்து வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்பு. பிறகு லட்சுமி, சரஸ்வதி. தாமரைமேல் நிற்கும் லட்சுமி, பின்னால் மாலையோடு துதிக்கை நீட்டும் யானை, குளத்தில் அன்னங்கள். பாறைமேல் அமர்ந்து வீணை வாசிக்கும் சரஸ்வதி, பக்கத்தில் மயில். படங்கள் ஓகோவென்று போயின. அச்சகம் மட்டும் கடனில் மூழ்கியது. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. அச்சகத்தை லோணாவ்ளா பக்கத்தில் மளவலிக்கு மாற்றிப் பார்த்தார்கள். நஷ்டம் தீரவில்லை. கடைசியில் ஃப்ரிட்ஸ் ஷ்லைகர் என்ற ஜெர்மானியத் தொழில்நுட்பரிடம் அச்சகத்தையும் படங்களை அச்சிடும் உரிமையையும் விற்றுவிட்டார். அந்த அச்சகத்தில் வேலை பார்த்தவர்களில் ஒருவர், பின்னாளில் ராஜா ஹரிச்சந்திராவைப் படமாக்கிய தாதாசாகேப் பால்கே.

வியாபாரத்தில் அவர் தோற்றார். ஆனால் படங்கள் அவர் போக முடியாத இடத்துக்கெல்லாம் போய்விட்டன. அவர் வாழ்ந்த காலத்தில் திருவிதாங்கூரிலும் சரி, மதுரையிலும் திருநெல்வேலியிலும் சரி, நம்மில் மிகப் பெரிய பகுதியினர் கோவில் வாசலைத் தாண்ட முடியாது. சாமி எப்படி இருக்கிறது என்பது கேள்விஞானம்தான். அப்படிப்பட்ட ஒருவர் சந்தையில் காசு கொடுத்து லட்சுமியை வாங்கி, குடிசைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, பூ வைத்துக் கும்பிட முடிந்தது. பூசாரியும் இல்லை, கருவறையும் இல்லை, எட்டி நில் என்று சொல்ல ஆளும் இல்லை. ரவிவர்மா சமூக சீர்திருத்தம் செய்யக் கிளம்பியவர் இல்லை. அவர் விற்றது படம். ஆனாலும் காகிதத்துக்கு யார் கையும் ஒன்றுதான். 1936 நவம்பரில் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானது. அதில் கையெழுத்திட்ட இளம் மன்னர் சித்திரைத் திருநாள், ரவிவர்மாவின் மகள் வயிற்றுப் பேத்தியின் மகன். மதுரை மீனாட்சி கோவில் எல்லோருக்கும் திறந்தது 1939இல். அந்தக் கதவுகள் திறக்கும் முன்பே சாமி படமாக வெளியே வந்து, பலர் வீட்டில் ஒரு தலைமுறைக்கு மேல் குடியிருந்துவிட்டது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உண்டு. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழித்த தூண், எனாமல் பாத்திரம், பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் வந்து குவியும் இடம். அங்கே ஒரு கடையில் தேக்குச் சட்டமிட்ட சரஸ்வதியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். புடவைக்கு அசல் துணி ஒட்டியிருந்தது. மடிப்புகூட மடித்தே ஒட்டப்பட்டிருந்தது. கரைக்குச் சரிகை. காதிலும் கழுத்திலும் ஜிகினாவும் மணியும். காகிதமாகத் தெரிந்தது முகமும் கையும் மட்டும். அந்தக் காலத்து வீட்டுப் பெண்கள் மதிய நேரத்தில் உட்கார்ந்து செய்த வேலை இது. சட்டத்தின் ஓரத்தில், பசையின் மஞ்சள் கறைக்கு அடியில், ரவிவர்மா பிரஸ், கார்லா லோணாவ்ளா என்ற ஆங்கில எழுத்துகள் பாதி தெரிந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கன்னம் முழுக்க நுணுக்கமான புள்ளிகள். அந்தப் புடவையை உடுத்திவிட்ட அம்மாவின் பெயர் எங்கும் இல்லை. அவரும் யாரிடமும் படித்து இதைச் செய்திருக்க மாட்டார்.

இந்த அச்சுப் படங்கள் இன்னொரு வேலையும் செய்தன. ஓவியப் பள்ளிக்குப் போக வழியில்லாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு அவையே பள்ளிக்கூடம் ஆயின. நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதியவர்கள் அவற்றைப் பார்த்து எழுதினார்கள். கோவில்பட்டியில் கொண்டைய ராஜு இருந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகத் திரை எழுதியவர். கோவில்பட்டியில் அவர் ஸ்டுடியோவில் சேர்ந்த பையன்கள் எடுபிடி வேலையில் தொடங்கி, கூடவே இருந்து பார்த்துப் பழகி ஓவியர்கள் ஆனார்கள். சிவகாசியில் அச்சான காலண்டர் முருகனும் மீனாட்சியும் அந்தக் கைகளிலிருந்து வந்தவர்கள். அந்த முகங்களில் ரவிவர்மாவின் சாயல் இருக்கிறது. ஆனால் நிறம் நம் ஊர் நிறம், நகை நம் ஊர் நகை. சினிமா பேனர் எழுதிய கலைஞர்களின் கட்டம் போட்ட பெரிய பலகைகள்வரை அந்தச் சங்கிலி நீண்டது. கற்றுத்தர யாரும் முன்வராத ஒருவரின் படம், கற்றுத்தர ஆளில்லாத இத்தனை பேருக்குக் குருவாக இருந்திருக்கிறது.

பிளெக்ஸ் வந்து அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை அறுத்தது. பேனர் எழுதிய கைகள் பல, கடைப் பலகைக்கும் சுவர் விளம்பரத்துக்கும் போயின. அங்கேயும் ஸ்டிக்கர் வந்துவிட்டது. இதை வருத்தமில்லாமல் எழுத முடியாது. ஆனால் வரையக் கற்றுக்கொள்ளும் வழி அடைபட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நடந்திருப்பது நேர்மாறானது. இன்று திண்டுக்கல்லிலோ அறந்தாங்கியிலோ ஒரு பத்தாம் வகுப்புப் பெண், தைலவண்ணத்தில் தோல்நிறத்தை எப்படிக் கலப்பது என்று போனில் தேடினால் தமிழிலேயே பாடம் கிடைக்கிறது. ராமசாமி நாயக்கர் கட்டிக்காத்த ரகசியமும் ஜென்சன் சொல்ல மறுத்த வரிசையும் பத்து நிமிடக் காணொளி. புரியாவிட்டால் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்க்கலாம். பதினான்கு வயது ரவிவர்மாவுக்கு இது கிடைத்திருந்தால் ஆறு வருடம் மிச்சம். ரகசியம் போனதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை.

அந்தப் பெண் பயிற்சிக்கு எடுக்கும் படம் பெரும்பாலும் ரவிவர்மாவாகவே இருக்கிறது என்பதுதான் வேடிக்கையும் மகிழ்ச்சியும். கூகுளின் கலைத்தளத்தில் அவர் ஓவியங்களைப் பெரிதாக்கித் தூரிகைத் தடத்தைக்கூடப் பார்க்கலாம். ஓவிய வகுப்புகளில் அன்னத்தோடு பேசும் தமயந்தியைப் பிரதி எடுக்காத மாணவர் குறைவு. விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணின் படத்தையும் ரவிவர்மா என்று சொல்லி வரைகிறார்கள். அது ஹல்தங்கர் வரைந்தது. ரவிவர்மா இறந்து சுமார் 40 வருடத்துக்குப் பிறகு வந்தது. பிறர் வரைந்த நல்ல படத்தையும் மக்கள் அவர் கணக்கில் எழுதும் அளவுக்கு அவர் பெயர் வேரோடியிருக்கிறது. பாவம் ஹல்தங்கர்.

அவர் பெயர் எப்போதும் இப்படி உயர்ந்தே இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 1905 ஜனவரியில் தம்பி இறந்தார். மறுவருடம் அக்டோபர் 2 அன்று ரவிவர்மா காலமானார். பாரதியார் இரங்கற்கவிதை எழுதினார். ஆனால் அதே ஆண்டுகளில் கலை விமர்சகர் ஆனந்த குமாரசாமியும் சகோதரி நிவேதிதையும் கல்கத்தாவிலிருந்து எழுந்த புதிய ஓவிய இயக்கமும் அவரைக் கடுமையாக ஒதுக்கிவிட்டார்கள். ஐரோப்பியப் பாணியை இரவல் வாங்கியவர், தெய்வங்களை நாடக மேடைக்கு இறக்கியவர், கற்பனை வறண்டவர் என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை உண்டு. அவருடைய புராண ஆண்களில் பலர் ஒப்பனை கலையாத நடிகர்கள் போலத்தான் நிற்கிறார்கள். ஆனால் ஒரு பெண்ணின் தோளில் புடவை விழும் விதத்தை, முந்தானைச் சரிகையில் வெளிச்சம் உடையும் விதத்தை அவரைப்போல் எழுதியவர் அதற்கு முன் இங்கே யாரும் இல்லை. குமாரசாமி சொன்னதைப் படித்தவர்கள் நம்பினார்கள். படிக்காதவர்கள் படத்தைச் சுவரிலிருந்து கழற்றவில்லை. பல பத்தாண்டுகள் இந்த இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமலே நடந்தன.

பிறகு காற்று திரும்பியது. 1979இல் அவருடைய படைப்புகள் தேசியக் கலைச்செல்வம் என்று அறிவிக்கப்பட்டன; அசலை நாட்டுக்கு வெளியே விற்க முடியாது. 1993இல் டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் பெரிய கண்காட்சி நடந்தது. ஓவிய உலகம் மறுபடி அவரைக் கூர்ந்து பார்த்தது. பரோடா மன்னர் 14 படங்களுக்கும் சேர்த்துக் கொடுத்தது 50,000 ரூபாய். 2022இல் மும்பை ஏலத்தில் திரௌபதி வஸ்திராபகரணம் 21.16 கோடிக்குப் போனது. அடுத்த வருடம் யசோதையும் கண்ணனும் 38 கோடி. பசுவைக் கறக்கும் அம்மாவின் பின்னால் நிற்கும் குழந்தைக் கண்ணன். எந்த வீட்டிலும் இருக்கக்கூடிய படம். நல்ல விலை கிடைப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏலத்தில் போகும் படம் பெரும்பாலும் தனியார் அறைக்குள் போகிறது. பத்துக் கல்லில் பிரித்து ஊருக்கே கொடுத்தவரின் அசல், யார் வீட்டுச் சுவரில் தொங்குகிறது என்று தெரியாமல் மறைவதை என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை.

அச்சுப் படங்களின் பயணம் இன்னும் நின்றபாடில்லை. மளவலி அச்சகம் 1972இல் தீக்கிரையானது. ஆனால் 2008 வாக்கில் சென்னை சில்க்ஸ் நிறுவனம், வெவ்வேறு பிரதேசத்துப் பெண்கள் பதினொரு பேர் கூடியிருக்கும் அவருடைய இசைக்குழு ஓவியத்தை முந்தானையில் நெய்து, சுமார் 40 லட்சம் ரூபாய்க்கு ஒரு பட்டுப்புடவை செய்தது. தூரிகையால் புடவை எழுதியவரின் ஓவியம் தறியில் ஏறிப் புடவையே ஆகிவிட்டது. 2020இல் புகைப்படக் கலைஞர் ஜி. வெங்கட்ராம், ரம்யா கிருஷ்ணன், குஷ்பு, சமந்தா, ஸ்ருதிஹாசன் முதலானவர்களை ரவிவர்மாவின் பெண்களாக நிறுத்தி ஒரு காலண்டர் எடுத்தார். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக் கல்யாணங்களிலும் சீமந்தங்களிலும் அதே மாதிரி படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பரவியிருக்கிறது. பட்டுடுத்திய மணப்பெண் சன்னல் ஓரம் கடிதத்தோடு நிற்கிறாள். வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் விழ வேண்டும் என்று போட்டோகிராபர் மெனக்கெடுகிறார். ஜென்சனிடமிருந்து கண்ணால் திருடிய அதே வெளிச்சம்தான் அது.

அசலைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவருக்குக் கோடிகள் தேவையில்லை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் தொகுப்பில் ரவிவர்மா இருக்கிறார். திருவனந்தபுரத்தில், ஆலயப் பிரவேசத்துக்குக் கையெழுத்திட்ட சித்திரைத் திருநாள் 1935இல் திறந்துவைத்த சித்ரா கலைக்கூடத்தின் தொகுப்பு இருக்கிறது. இசைக்குழு ஓவியத்தின் அந்தப் பதினொரு பெண்களும் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் கூடியிருக்கிறார்கள். பரோடாவுக்காக வரைந்தவற்றைப் பார்க்க, அந்த ஊரின் இன்றைய பெயரான வடோதராவின் பதேசிங் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். சற்றுச் சாய்ந்து, வெளிச்சம் படத்தின் மேல் பக்கவாட்டில் விழும் கோணத்திலிருந்து சரிகைக் கரையைப் பாருங்கள். தங்க நிறத்துக்குத் தங்கம் எதுவும் இல்லை. பழுப்பும் மஞ்சளும், ஈரம் காய்ந்தபின் மேலே வைத்த சில வெள்ளைப் புள்ளிகளும்தான். எது முன்னால் வைத்தது, எது பின்னால் வைத்தது என்று அந்த இடத்தில் மட்டும் அடுக்கு அடுக்காகத் தெரியும். வரையப் பழகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.